கேரவனில் சார்ஜர் சாக்கெட் வேலை செய்யலையா? ஃபியூஸ் அடிக்கடி போகுதா? காரணம் என்ன, சரிசெய்வது எப்படி? - முழு விளக்கம்

கேரவன் என்றதும் நம்மில் பலருக்கு ஷூட்டிங் ஸ்பாட்டில் நிற்கும் நடிகர்களின் வண்டிதான் ஞாபகத்துக்கு வரும். இப்போது நிலைமை மாறி வருகிறது. கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. வாகமனில் கேரவன் பார்க்கும் வந்துவிட்டது. வேனுக்குள்ளேயே படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ் வைத்துக்கொண்டு குடும்பத்தோடு ஊர் சுற்றுபவர்களின் வீடியோக்களை யூடியூப்பில் தினமும் பார்க்கிறோம்.

வாடகைக்கு எடுத்தாலும் சரி, சொந்தமாகச் செய்துகொண்டாலும் சரி, பயணத்தில் கட்டாயம் வரும் ஒரு தலைவலி இருக்கிறது. போன் சார்ஜ் ஏறாது. ஃபிரிட்ஜ் நின்று நின்று ஓடும். டயருக்குக் காற்றடிக்கும் பம்ப்பை மாட்டியதும் சாக்கெட் செத்துப்போகும். "ஃபியூஸ் போயிடுச்சு, மாத்துனா சரியாயிடும்" என்று மாற்றுவோம். அடுத்த நிமிஷமே அதுவும் போகும்.

அப்போது யாராவது ஒருவர், "பெரிய ஃபியூஸா போடுங்க, போகவே போகாது" என்று ஐடியா சொல்வார். அந்த ஐடியாதான் ஆபத்து. ஏன் என்று பார்க்கலாம்.

கேரவனில் இரண்டு வகை கரண்ட்

ஒன்று, வீட்டில் இருப்பது போன்ற 230 வோல்ட். ஏசி, மிக்ஸி போன்றவை இதில்தான் ஓடும். கேம்ப்பில் பிளக் குத்தும்போதோ, ஜெனரேட்டர் அல்லது இன்வெர்ட்டர் ஓடும்போதோ மட்டுமே இது கிடைக்கும்.

இன்னொன்று, பேட்டரியில் இருந்து நேராக வரும் 12 வோல்ட். எல்இடி லைட், தண்ணீர் பம்ப், சின்ன ஃபேன், யுஎஸ்பி சார்ஜர், சிகரெட் லைட்டர் மாடல் சாக்கெட் எல்லாம் இதில் ஓடுபவை. பல கேரவன்களில் வண்டியை ஸ்டார்ட் செய்ய ஒரு பேட்டரியும், உள்ளே இருக்கும் பொருட்களுக்குத் தனி பேட்டரியும் இருக்கும்.

இந்தக் கட்டுரை 12 வோல்ட் பக்கத்தைப் பற்றியது மட்டுமே. 230 வோல்ட் பக்கம் ஷாக் அடித்து உயிரையே எடுத்துவிடும். அதில் நீங்களாகக் கை வைக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: பெரிய பஸ் அல்லது லாரி சேஸில் கட்டிய கேரவன்களில் 12-க்குப் பதிலாக 24 வோல்ட் இருக்கலாம். 12 வோல்ட் பொருளை அதில் மாட்டினால் பொருள் காலி. சந்தேகம் இருந்தால் டிரைவரிடமோ வண்டி உரிமையாளரிடமோ முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

12 வோல்ட்தானே, என்ன ஆகிடப் போகுது?

பலரும் ஏமாறுவது இங்கேதான். 12 வோல்ட்டைத் தொட்டால் ஷாக் அடிக்காது, உண்மைதான். ஆனால் தீப்பிடிக்கும்.

60 வாட் பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வீட்டில் 230 வோல்ட்டில் அது இழுக்கும் கரண்ட் சுமார் 0.26 ஆம்பியர். அதே 60 வாட்டை 12 வோல்ட்டில் கொடுக்க 5 ஆம்பியர் வேண்டும். கிட்டத்தட்ட 19 மடங்கு. வயரைச் சூடாக்குவது ஆம்பியர்தான். அதனால் கேரவன் வயர் வீட்டு வயரை விடப் பல மடங்கு அதிகமாக உழைக்கிறது.

அந்த வயர்கள் எங்கே ஓடுகின்றன? பிளைவுட் பலகைக்குப் பின்னால், மெத்தைக்கு அடியில், சமையல் மேடைக்கு உள்ளே. பக்கத்திலேயே கேஸ் சிலிண்டர். உள்ளே தூங்கும் குடும்பம். வெளியே வர பெரும்பாலும் ஒரே ஒரு கதவு.

ஃபியூஸ் யாரைக் காப்பாற்றுகிறது?

"போன் கெட்டுப்போகாம இருக்கத்தானே ஃபியூஸ்?" என்று கேட்டால், இல்லை. ஃபியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற.

பேட்டரியால் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுக்க முடியும். எங்காவது ஷார்ட் ஆனால் அத்தனையும் அந்த ஒல்லி வயர் வழியாகப் பாயும். வயர் பழுத்து, மேலே இருக்கும் பிளாஸ்டிக் உருகி, பக்கத்தில் இருப்பது பற்றிக்கொள்ளும். அதற்கு முன்பே உருகி இணைப்பைத் துண்டிப்பதுதான் ஃபியூஸின் வேலை.

வயர் தாங்குவது 10 ஆம்பியர் என்றால், அதற்கு மேல் போகவிடாத ஃபியூஸ்தான் போட வேண்டும். அங்கே 30 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால் என்ன ஆகும்? ஃபியூஸ் போகாது. அதற்குப் பதிலாக வயர் உருகும். ஃபியூஸ் உருகினால் சில ரூபாய் செலவு. வயர் உருகினால் வண்டியே போகலாம்.

முதல் கேள்வி: எத்தனை சாக்கெட் வேலை செய்யலை?

எதையும் கழற்றும் முன் இதைப் பாருங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

- எல்லாமே செத்திருந்தால்: உள்ளே இருக்கும் 12 வோல்ட் மெயின் சுவிட்ச் ஆஃப் ஆகியிருக்கலாம். பை, துணி மூட்டை இடித்தே இது ஆஃப் ஆகிவிடும். அது ஆனில் இருந்தால் பேட்டரி சார்ஜ், பேட்டரி டெர்மினல், பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் மெயின் ஃபியூஸ் மூன்றையும் பாருங்கள்.

- ஒரு பகுதி மட்டும் செத்திருந்தால்: அந்தப் பகுதிக்கான ஃபியூஸ் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

- ஒரே ஒரு சாக்கெட் மட்டும் என்றால்: சாக்கெட்டில் அழுக்கு, லூஸ் கான்டாக்ட், அல்லது நீங்கள் மாட்டும் பிளக்கில்தான் கோளாறு. அதே சார்ஜரை வேறு சாக்கெட்டில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் ஓடவில்லை என்றால் சாக்கெட் மேல் தப்பில்லை.

இன்னொரு விஷயம். சில சாக்கெட்டுகள் வண்டியின் சாவியைத் திருப்பினால் மட்டுமே வேலை செய்யும்படி வயரிங் செய்யப்பட்டிருக்கும். அது கோளாறு கிடையாது.

சிகரெட் லைட்டர் மாடல் பிளக்குகள் பலவற்றின் முனையைத் திருகினால் உள்ளே குட்டியாக ஒரு கண்ணாடி ஃபியூஸ் இருக்கும். சாக்கெட்டைக் குறைசொல்லும் முன் அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஃபியூஸ் போயிருக்கா? எப்படிக் கண்டுபிடிப்பது

கேரவன், கார்களில் பெரும்பாலும் இருப்பது இரண்டு கால் வைத்த பிளேடு ஃபியூஸ். ஃபியூஸ் பாக்ஸ் மூடியிலேயே எது எதற்கானது என்ற பட்டியல் இருக்கும். ஃபியூஸின் கலரே அதன் அளவைச் சொல்லிவிடும்:

- 3 ஆம்பியர் - ஊதா
- 5 ஆம்பியர் - சந்தன நிறம்
- 7.5 ஆம்பியர் - பிரவுன்
- 10 ஆம்பியர் - சிவப்பு
- 15 ஆம்பியர் - நீலம்
- 20 ஆம்பியர் - மஞ்சள்
- 25 ஆம்பியர் - கலர் இல்லாத வெள்ளை
- 30 ஆம்பியர் - பச்சை

கலர் மங்கியிருந்தால் மேலே அச்சடித்திருக்கும் நம்பரைப் பாருங்கள். சைஸும் பல வகை உண்டு. பழைய ஃபியூஸைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கடையில் காட்டி வாங்குவது நல்லது.

சாக்கெட்டில் மாட்டியிருக்கும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மெயின் சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு ஃபியூஸைப் பிடுங்குங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே வளைந்த கம்பி தெரியும். அறுந்திருந்தால் போயிடுச்சு என்று அர்த்தம்.

கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். டெஸ்ட் லேம்ப் இருந்தால் ஃபியூஸைக் கழற்றாமலே பார்க்கலாம். மெயின் சுவிட்சை ஆன் செய்து, டெஸ்ட் லேம்ப்பின் கிளிப்பை நெகட்டிவ் எர்த்தில் மாட்டுங்கள். பிளேடு ஃபியூஸின் தலையில் இரண்டு குட்டி உலோகப் புள்ளிகள் இருக்கும். அதில் முனையை வையுங்கள். இரண்டிலும் லேம்ப் எரிந்தால் ஃபியூஸ் நல்லா இருக்கு. ஒன்றில் மட்டும் எரிந்தால் ஃபியூஸ் போயிருக்கு. இரண்டிலும் எரியவில்லை என்றால் ஃபியூஸுக்கே கரண்ட் வரவில்லை, கோளாறு அதற்கு முன்னால் இருக்கிறது.

போன ஃபியூஸைத் தூக்கிப் போடாதீங்க

என்ன நடந்தது என்று சொல்லும் சாட்சி அது.

உள்ளே கறுப்பாகப் புகை படிந்து, கம்பி சிதறியிருந்தால் பெரும்பாலும் ஷார்ட் சர்க்யூட். கறுப்பே இல்லாமல் நடுவில் மட்டும் மெதுவாக உருகி அறுந்திருந்தால் ஓவர்லோடு. கம்பி நன்றாக இருக்கிறது, ஆனால் பிளாஸ்டிக் உடம்பு உருகி வளைந்திருக்கிறது என்றால் ஃபியூஸைப் பிடித்திருக்கும் ஹோல்டரில் லூஸ் கான்டாக்ட். இந்த மூன்றாவது வகையில் ஃபியூஸை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஹோல்டரையே மாற்ற வேண்டும்.

புது ஃபியூஸும் உடனே போகுதா?

அதே ஆம்பியரில் ஒரு புது ஃபியூஸ் போடுங்கள். சாக்கெட்டில் எதையும் மாட்டாதீர்கள். பிறகு மெயின் சுவிட்சை ஆன் செய்யுங்கள்.

*எதுவும் மாட்டாமலே போனால்* சாக்கெட்டிலோ வயரிலோ ஷார்ட் இருக்கிறது. இன்னொரு ஃபியூஸை வீணாக்க வேண்டாம். டார்ச் அடித்து சாக்கெட்டுக்குள் பாருங்கள். நடுவில் இருக்கும் புள்ளி பாசிட்டிவ், சுற்றியிருக்கும் சுவர் நெகட்டிவ். உள்ளே விழுந்த ஒரு ரூபாய் நாணயம், ஹேர்பின், மலிவான சார்ஜரில் இருந்து கழன்று விழுந்த ஸ்பிரிங், இதில் எது ஒன்று இரண்டையும் தொட்டாலும் ஷார்ட்தான். ஃபியூஸைக் கழற்றி, மெயினை ஆஃப் செய்துவிட்டுத்தான் அதை வெளியே எடுக்க வேண்டும்.

உள்ளே எதுவும் இல்லையா? அப்படின்னா வயர் எங்கேயோ தோல் உரிந்து பாடியைத் தொடுகிறது. தகரத்தில் போட்ட ஓட்டை வழியாக வயர் போகும் இடம், புதிதாக ஸ்க்ரூ அடித்த இடம், மடக்கும் படுக்கையின் கீல், இந்த மூன்றும்தான் வழக்கமான குற்றவாளிகள். எலி கடித்த வயரும் நம்ம ஊரில் சகஜம். சமீபத்தில் எங்காவது அலமாரி, ஹூக் மாட்டியிருந்தால் அங்கிருந்து தேட ஆரம்பியுங்கள்.

*ஒரு பொருளை மாட்டியதும் போனால்* அந்தப் பொருளிலோ அதன் பிளக்கிலோ ஷார்ட்.

*கொஞ்ச நேரம் ஓடிய பிறகு போனால்* ஓவர்லோடு. 10 ஆம்பியர் ஃபியூஸ் 11 ஆம்பியர் போனதும் டக்கென்று அறுந்துவிடாது. அதை நீண்ட நேரம் தாங்கும். 13, 14 ஆம்பியர் என்றால் சில நிமிஷம்கூடப் பிடிக்கலாம். 20 ஆம்பியர் என்றால் சில நொடிதான். அதனால்தான் "நல்லாத்தான் ஓடிச்சு, திடீர்னு நின்னுடுச்சு" என்று தோன்றுகிறது.

எதை மாட்டலாம்? ஒரே ஒரு கணக்கு போதும்

பொருளில் எழுதியிருக்கும் வாட்டை 12-ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 10 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் அந்த லைனில் மொத்தம் 120 வாட்தான் எல்லை. எல்லையைத் தொடாமல் கொஞ்சம் குறைவாகவே ஓட்டுவது நல்லது.

45 வாட் சார்ஜர் 4 ஆம்பியருக்குள் முடிந்துவிடும். 60 வாட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் 5 ஆம்பியர். ஆனால் 150 வாட் தண்ணீர் சுட வைக்கும் 12 வோல்ட் கெட்டில் 12.5 ஆம்பியர் இழுக்கும். 10 ஆம்பியர் லைனில் அதை மாட்டவே கூடாது. டயர் பம்ப்பையும் லேபிளைப் பார்க்காமல் மாட்டாதீர்கள்.

ஒரு சாக்கெட்டை மூன்றாகப் பிரிக்கும் அடாப்டர் வாங்குபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஓட்டை மூன்றாகிறது. பின்னால் இருக்கும் வயர் அதே ஒன்றுதான்.

1,000 வாட் இன்வெர்ட்டரை இந்த சாக்கெட்டில் செருகும் எண்ணமே வேண்டாம். 12 வோல்ட்டில் 1,000 வாட் என்றால் 83 ஆம்பியருக்கு மேல். அதற்கு பேட்டரியில் இருந்து தனியாகத் தடித்த கேபிளும், பேட்டரி பக்கத்திலேயே தனி ஃபியூஸும் வேண்டும்.

ஃபியூஸ் நல்லா இருக்கு, ஆனா கரண்ட் வீக்கா இருக்கு

இதுதான் பலரையும் சுற்றலில் விடும் கோளாறு. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் சாக்கெட்டில் 12.5 வோல்ட் காட்டும். ஆனால் ஃபிரிட்ஜை மாட்டினால் ஓடாது.

காரணம், சும்மா இருக்கும்போது அளந்ததுதான். தண்ணீர்க் குழாயில் அடைப்பு இருந்தாலும், குழாயை மூடி வைத்திருக்கும் வரை பிரஷர் சரியாகவே காட்டும். திறந்து விட்டால்தான் சொட்டுவது தெரியும். அதேபோல, பொருள் ஓடும்போது அளந்தால்தான் உண்மை தெரியும்.

செய்ய வேண்டியது இது:

1. பேட்டரியை முதலில் அளக்கவும். சார்ஜ் ஏறாமல், எதுவும் ஓடாமல் கொஞ்ச நேரம் சும்மா இருந்த சாதாரண லெட் ஆசிட் பேட்டரியில் 12.6-க்கு மேல் இருந்தால் ஃபுல். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் உடனே சார்ஜ் போட வேண்டும். லித்தியம் பேட்டரிக்கு இந்தக் கணக்கு செல்லாது, அதன் டிஸ்பிளேயையோ ஆப்பையோதான் பார்க்க வேண்டும்.

2. ஃபிரிட்ஜ் அல்லது ஃபேனை ஓடவிட்டு, பேட்டரியில் எத்தனை வோல்ட் என்று பார்க்கவும்.

3. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த சாக்கெட்டின் பின்பக்க டெர்மினலில் எத்தனை வோல்ட் என்று பார்க்கவும்.

பேட்டரியிலேயே வோல்டேஜ் தடாலென்று விழுந்தால் பேட்டரி வீக். பேட்டரியில் சரியாக இருந்து சாக்கெட்டில் மட்டும் குறைந்தால் கோளாறு நடுவில். அதாவது ஒல்லி வயர், லூஸ் கான்டாக்ட், துருப்பிடித்த எர்த்.

ஒல்லி வயர் எவ்வளவு கெடுக்கும்? பேட்டரியில் இருந்து 6 மீட்டர் தள்ளி சாக்கெட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். போக 6, வர 6, மொத்தம் 12 மீட்டர் வயர். 1.5 ஸ்கொயர் எம்எம் வயரில் 10 ஆம்பியர் போனால் வழியிலேயே சுமார் 1.6 வோல்ட் காலி. 4 ஸ்கொயர் எம்எம் வயராக இருந்தால் 0.6 வோல்ட்தான் போகும்.

வீட்டில் 230-ல் 1.6 குறைந்தால் யாருக்கும் தெரியாது. 12-ல் 1.6 என்பது 13 சதவீதம். கேரவன் ஃபிரிட்ஜ்களில் பேட்டரியைக் காப்பாற்ற, வோல்டேஜ் குறைந்தால் தானாக நிற்கும் வசதி உண்டு. பேட்டரி நன்றாக இருந்தாலும், வழியில் குறைந்து வரும் வோல்டேஜைப் பார்த்து "பேட்டரி தீர்ந்துவிட்டது" என்று நினைத்து அது நின்றுவிடுகிறது. நின்று நின்று ஓடும் ஃபிரிட்ஜ்களில் பலவற்றின் கதை இதுதான்.

ஃபியூஸால் கண்டுபிடிக்க முடியாத ஆபத்து

ஃபியூஸ் இருக்கிறதே என்று முழு நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. ஃபியூஸுக்குத் தெரிந்தது ஒன்றுதான், எத்தனை ஆம்பியர் போகிறது என்பது. லூஸ் கான்டாக்டில் ஆம்பியர் கூடாது. ஆனால் அந்தப் புள்ளி மட்டும் சூடாகும்.

10 ஆம்பியர் போகும் இடத்தில் ஒரு லூஸ் இணைப்பு 1 வோல்ட்டைத் தின்றால், அந்த ஒரு புள்ளியில் 10 வாட் சூடு. தினமும் மணிக்கணக்கில். 15 ஆம்பியர் ஃபியூஸ் இதைப் பார்த்துக்கொண்டு சும்மாதான் இருக்கும்.

அதனால் கையால் தொட்டுப் பார்ப்பதும் ஒரு டெஸ்ட்தான். அரை மணி நேரம் ஓடிய பிறகு பிளக்கைத் தொட்டால் லேசான கதகதப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு, பழுப்பேறிய பிளாஸ்டிக், கருகல் வாசனை இதில் எது இருந்தாலும் அந்த சாக்கெட்டை நிறுத்திவிடுங்கள். குலுங்கும் வண்டியில் ஸ்க்ரூ தானாகவே லூஸ் ஆகும். கடற்கரை ஊர்களில் நிறுத்தினால் உப்புக் காற்றில் டெர்மினல் பச்சை பூக்கும். இரண்டையும் வருஷத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் செய்யவே கூடாது

- ஃபியூஸ் இல்லை என்று சிகரெட் பாக்கெட் ஃபாயில், செம்புக் கம்பி, ஆணி வைத்து ஓட்டுவது.
- போன ஃபியூஸைவிடப் பெரிய ஆம்பியர் போடுவது. "ஊருக்குப் போற வரைக்கும்தானே" என்றாலும் கூடாது. பெரிய ஃபியூஸ் வேண்டும் என்றால் வயரையும் பெரிதாக்க வேண்டும்.
- வயரை முறுக்கி டேப் சுற்றி ஜாயின்ட் போடுவது. குலுங்கும் வண்டியில் அது நிற்காது.
- மோதிரம், காப்பு, வாட்ச் போட்டுக்கொண்டு பேட்டரியில் கை வைப்பது. ஸ்பேனரும் மோதிரமும் இரண்டு டெர்மினலைத் தொட்டால் விரல் வெந்துவிடும்.
- மல்டிமீட்டரை ஆம்பியர் நிலையில் வைத்து பேட்டரியின் இரு முனையிலும் வைப்பது. அதுவே ஒரு ஷார்ட் சர்க்யூட்.
- பேட்டரியைக் கழற்றும்போது பாசிட்டிவை முதலில் கழற்றுவது. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

எப்போது எலக்ட்ரீஷியனிடம் போக வேண்டும்?

எதுவும் மாட்டாமலே ஃபியூஸ் போகிறது, சாக்கெட்டுக்குள்ளும் எதுவும் இல்லை என்றால். மெயின் ஃபியூஸே போயிருந்தால். கருகல் வாசனை எங்கிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால். பேட்டரி உப்பியிருந்தால். இந்த நான்கில் எது இருந்தாலும் மெயினை ஆஃப் செய்துவிட்டு ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வாடகை வண்டி என்றால் உரிமையாளரிடம் சொல்லாமல் எதையும் பிரிக்க வேண்டாம்.

கிளம்பும் முன் வண்டியில் இருக்கட்டும்

ஃபியூஸ் பாக்ஸில் உள்ள ஒவ்வொரு அளவிலும் இரண்டு ஸ்பேர் ஃபியூஸ், ஒரு சின்ன மல்டிமீட்டர் அல்லது டெஸ்ட் லேம்ப், டார்ச், இன்சுலேட்டட் ஸ்க்ரூ டிரைவர். அதோடு ஃபியூஸ் பாக்ஸ் மூடியை போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி இருட்டில் அதுதான் கைகொடுக்கும்.

எந்தெந்த ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்று அந்த மூடியில் எழுதியிருப்பதையும், உள்ளே உண்மையில் மாட்டியிருப்பதையும் கிளம்பும் முன்பே ஒப்பிட்டுப் பாருங்கள். 10 என்று எழுதிய இடத்தில் பச்சைக் கலர் ஃபியூஸ் இருந்தால், உங்களுக்கு முன்னால் அந்த வண்டியில் போன யாரோ "பெரிய ஃபியூஸா போடுங்க" என்ற ஐடியாவைக் கேட்டிருக்கிறார்கள். அதை மாற்றி, அந்த லைனைச் சோதித்த பிறகு வண்டியை எடுங்கள்.